தெரியாது என்று சொல்லாத அண்ணன்

என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கம் அவருடைய மெடிக்கல் ஷாப். இந்தப் பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பது, ஆதார் திருத்தத்துக்கு எழுதிக் கொடுப்பது, கலெக்டர் ஆபீஸுக்கு மனு டைப் அடிப்பது எல்லாம் என்னிடம் உண்டு. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்தோம். அவரைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். அந்த ஒன்பது வருடத்தில் "அது எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் நடுவில் இருக்கிறது. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பஸ் ஏற வேண்டும். ஏறினால் அரை நாள் வேலை கெடும். தக்காளி பறிப்பு நடக்கிற நாளில் அரை நாளை இழக்க யாருக்கும் மனசு வராது. அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அப்புறம் பஸ் ஏறுவதில்லை.

"என்னாங்க பண்ணுது?" என்பார். வந்தவர் வாயைத் திறந்ததுமே அவர் கை அலமாரிக்குப் போய்விடும். வந்தவரின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. வரிசையாக அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தபடியேதான் கேட்டுக்கொண்டிருப்பார். வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் மாத்திரை அட்டையைக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் உறையின் மேல் வரைந்திருப்பார். படிக்கத் தெரியாத ஆயாக்களுக்காக ஆரம்பித்த பழக்கம். காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதையேதான் வரைந்து கொடுத்தார். கடைசியாக ஒரு வார்த்தை சொல்வார்: "ஒண்ணும் இல்லீங்க." அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஜனங்கள் வந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் டவுன் பஸ் வந்து நின்றபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்காமலே போனை வெளியே நீட்டினார். போனில் அவருடைய அண்ணன் மகளின் முதுகு. தடிப்புத் தடிப்பாக ஏதோ இருந்தது. கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் இவர் ஓடிப்போய் அந்தப் படத்தைப் பார்த்தார், ஓடி வந்து ஒரு களிம்பை எடுத்தார், மறுபடி ஓடி ஜன்னலுக்குள் கொடுத்துவிட்டார். கடை வாசலில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பெண்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். "ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்பதை அவர்களுடைய கன்னடத்திலேயே கேட்பார். தெலுங்கிலும் அப்படி நாலு வார்த்தை வைத்திருந்தார். வெளியூரில் தன் வலியைத் தன் பாஷையில் ஒருவர் விசாரித்தால் மனசு எப்படி இளகும் என்பது அந்தப் பெண்களின் குரலிலேயே தெரியும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. ஊரடங்கு நாட்களில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைகளை மொபெட்டில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் அவர். என் மாமியாருக்கு அந்த மூன்று மாதமும் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், எனக்கும் அவர் அண்ணன்தான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பிரியாணி அவர் வீட்டுக்குப் போகும். பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு எங்களுக்கு வரும். என் சின்ன மகள் பேசப் பழகியபோது அவரை "மாத்த மாமா" என்றாள். மாத்திரை மாமா என்பதை அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிற ஒருவர் ஒரு வருடம் மழைக்காலம் முழுக்க இருமலோடு வந்துகொண்டிருந்தார். அந்த இருமல் தடுப்பைத் தாண்டி என் கம்ப்யூட்டர் மேஜை வரைக்கும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு புது சிரப், ஒவ்வொரு தடவையும் "ஒண்ணும் இல்லீங்க". மூன்றாம் மாதம் அவர் வரவில்லை. அவர் மனைவி ஆதார் அட்டையை நகல் எடுக்க என்னிடம் வந்தாள்.

"டிபிங்க. கெவுருமெண்டு ஆஸ்பத்திரியில சேத்திருக்கறோம். முன்னாடியே காட்டியிருந்தா இவ்ளோ முத்தியிருக்காதுன்னு சொன்னாங்க."

முன்பக்கமும் பின்பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த சிரப்புகளையும் இந்த டிபியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மனுசன் தன் உடம்பைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை ஒரு தை மாதம் வந்தது. என் கணவர் சூசை, எங்கள் ஒரு ஏக்கர் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டு, சணல் கட்டிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிரும்போது குச்சியின் முனை இடது கண்ணில் பட்டுவிட்டது. கர்ச்சீப்பைக் கண்ணில் பொத்திக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். கண் சிவந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"தருமபுரிக்குப் போயிடலாங்க. இது கண்ணு சமாச்சாரம்," என்றேன்.

"மொதல்ல அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேளு. அவரு போகச் சொன்னா போயிக்கலாம்."

சூசையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனில் கண்ணைப் படம் எடுத்தேன். அந்தப் பக்கம் கூட்டமாக இருந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு இவர் நிற்க வேண்டாம் என்று நான் மட்டும் போய் போனைக் காட்டினேன். அண்ணனுடைய கண்ணாடி நெற்றியின் மேல் இருந்தது. அதைக் கீழே இறக்காமலே பார்த்தார்.

"குச்சி லேசா கீறியிருக்கும். ஒண்ணும் இல்லீம்மா. இத நாலு வேளைக்கு ரெண்டு ரெண்டு சொட்டு ஊத்தச் சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாமாண்ணா?"

"எதுக்கும்மா அலையறீங்க? அங்க போனா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்கார வெப்பாங்க. கடைசில இதே மருந்தத்தான் எழுதிக் குடுப்பாங்க."

மறுநாளே சிவப்பு குறைந்தது. மூன்றாம் நாள் கண் பழையபடி வெள்ளையாகிவிட்டது. சூசை மறுபடி தோட்டத்துக்குப் போனார். போகிற வழியில் மெடிக்கல் வாசலில் நின்று, "கைராசிங்கண்ணா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனது எனக்குக் கேட்டது.

பத்தாம் நாள் சூசையின் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். கடுகு அளவுதான் இருந்தது. அன்றைக்கும் அவர் என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய், "கண்ணுக்குள்ள வெள்ளையா ஒண்ணு தெரியுதுண்ணா," என்றேன்.

"ஆறும்போது அப்பிடித்தாம்மா தெரியும். ஒரு வேளை சேத்தி ஊத்துங்க."

"இங்கதாண்ணா உக்காந்திருக்காரு. வந்து ஒரு பார்வ பாக்கறீங்களா?"

"கடையில ஆளு நிக்கறாங்கம்மா. அதெல்லாம் சரியாப் போயிடும், போ."

அவர் கல்லாவிலிருந்து என் நாற்காலிக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். பிற்பாடு ஒருநாள் நான் அதை நடந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் சூசையால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்கு வரமாட்டேன் என்றவரை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் எங்களை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். சூசையின் முகத்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஆனா இது நல்லா இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட நேர்ல காட்டுங்க. நாளைக்கு வேணாம், இன்னிக்கே கெளம்புங்க."

அப்படியே பஸ் ஏறினோம். சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசரப் பிரிவு திறந்திருந்தது. என்னைவிட வயதில் சின்னவரான ஒரு பெண் டாக்டர் இருந்தார். கருவியின் மேல் சூசையின் தாடையை வைக்கச் சொல்லி, விளக்கை அங்கும் இங்கும் நகர்த்தி வெகுநேரம் பார்த்தார். எப்படிப் பட்டது, என்ன செடி, என்றைக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "என்ன மருந்து ஊத்தினீங்க?" என்றார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"இத ஊத்துனதும் சிவப்பு போயிருக்குமே?"

"ஆமாங்க. மூணே நாள்ல."

"செடி, குச்சி பட்டா அதுல இருக்கற பூஞ்சை கண்ணுக்குள்ள போயிடும். இந்த மருந்து சிவப்ப மட்டும் அமுக்கும். உள்ள பூஞ்சை நல்லா வளர்றதுக்கு வழி பண்ணிக் குடுக்கும். மேல பாத்தா ஆறின மாதிரிதான் இருக்கும்."

நான் கேட்டேன். "மொத நாளே வந்திருந்தா?"

அவர் கருவியைக் காட்டினார். "மொத வாரம் இந்த மெஷின்ல வெச்சுப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்," என்றார். "முழுசா சரியாகியிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பார்வை நின்னிருக்கறதுக்கு நெறைய வாய்ப்பு இருந்துச்சு."

பன்னிரண்டு நாள் அங்கேயே தங்கினோம். மணிக்கொரு தரம் மருந்து ஊற்ற வேண்டும். கண் அழுகிப் போகாமல் காப்பாற்றிவிட்டார்கள். பார்வை வரவில்லை. கருவிழி முழுக்கத் தழும்பு மூடிவிட்டது. யாராவது தானம் கொடுத்த விழி கிடைத்தால் ஒரு வருடம் கழித்து மாற்றிப் பார்க்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார்கள்.

இவ்வளவுக்கும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நாம்தான் போயிருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவரும் நம்மை மாதிரிதானே, சேலத்தில் இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

வீடு திரும்பியும் நான் கடையைத் திறக்கவில்லை, பத்தாம் நாள் மறுபரிசோதனைக்குப் போனோம். காத்திருக்கும் ஹாலில் மூன்றாவது வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தடித்த பைல். ஓரமெல்லாம் தேய்ந்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. ஒரு நர்ஸ் அவரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். அவரை நன்றாகத் தெரிந்தவள் பேசுகிற பேச்சாக இருந்தது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா."

நிமிர்ந்தார். "நீ எங்கம்மா இங்க? கடையும் பூட்டியே கெடந்துச்சு, ஊருக்குப் போயிருப்பீங்கன்னு..." என்று ஆரம்பித்தவர் எனக்குப் பின்னால் சூசையைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்.

நர்ஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "சாருக்கு வேண்டியவங்களா? கண்ணுல பிரஷர்னு எட்டு வருஷமா வர்றாரு. ஒரு தடவகூட தவற மாட்டாரு. இவர மாதிரி எல்லாரும் வந்தா எங்களுக்கு வேலையே சுலபம்."

அவர் பைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். நாங்கள் டாக்டரைப் பார்த்து முடித்து வெளியே வந்தபோது ஹாலில் அவர் இல்லை.

பஸ்ஸில் வரும்போது, எட்டு வருடத்தில் அவர் அங்கே எத்தனை தடவை வந்திருப்பார் என்று விரல் விட்டு எண்ணினேன். சூசை என்ன கணக்கு என்று கேட்டார்.

நான்கு நாள் கழித்து அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். சூசை அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒற்றைக் கண் பழகாததால் நாற்காலியின் கையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வைத்த டீயை அவர் தொடவில்லை.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எட்டு வருசமா போறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

"உங்க கண்ண போட்டோ எடுத்து அனுப்பி மருந்து கேப்பீங்களா அவங்ககிட்ட?"

இல்லையென்று தலையை ஆட்டினார். "நேர்ல பாக்காம அவங்க ஒரு சொட்டுகூட எழுத மாட்டாங்கம்மா."

"அண்ணிக்கு முட்டி வலின்னா?"

"பெங்களூர்ல ஒரு டாக்டரு."

"அவங்களுக்கு நீங்க மருந்து குடுத்ததே இல்லையா?"

"இல்ல."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏண்ணா?"

சூசை என்னைப் பார்த்து, விடு என்பதுபோலக் கையை அசைத்தார்.

"நீ வந்து கேட்ட. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா," என்றார் அண்ணன். "இருவது வருசமா கேக்கறாங்க. ஒருத்தர்கிட்ட தெரியாதுன்னு சொல்லிட்டா, அப்பறம் யாரு கேப்பாங்க?"

நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். வெளியே சூசையின் குரல் கேட்டது. நடந்தது நடந்துபோச்சுண்ணா, டீ ஆறுது குடிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் கணவர் மேல் வந்த கோபம் பெரிது.

"அவரு வேணும்னா செஞ்சாரு?" என்றார் சூசை, அவர் போன பிறகு.

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போட்டிருப்பன். பாசமா பேசிக்கிட்டே செஞ்சாரு. அவருக்கும் அவரு பொண்டாட்டிக்கும் ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம். தங்கச்சின்னு வேற கூப்புட்டாரு."

ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள் நான். அவர் மேல் ஒரு மனுவை டைப் அடித்து வைத்தேன். ஒரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சூசை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "அவரு கடைய மூடுனா என் கண்ணு வருமா?" என்று கேட்டார். மனு இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அப்புறமும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சூசையின் கண்ணைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நானே பத்துப் பேரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்கள், பிறகு பக்கத்துக் கடைக்குப் போய் மருந்து வாங்கினார்கள். ஒரு மாற்றம் மட்டும் எனக்குக் கேட்டது. யாராவது வந்து சொன்னதும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. தெரியாது என்று இப்போதாவது சொல்லிவிடுவாரா என்று நான் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடி காத்திருப்பேன். பிறகு கத்தரிச் சத்தம் கேட்கும்.

ஆறு மாதம் கழித்துக் கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டு ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகிற அன்று தெருவே வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. சூசையும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கடையை விட்டு இறங்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவரே வந்து ஒரு நீளமான நோட்டை என் மேஜை மேல் வைத்தார்.

"இத வெச்சுக்கம்மா. யாராச்சும் கேட்டா அனுப்பி வுடு," என்று மட்டும் சொன்னார். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சாயங்காலம்தான் பிரித்தேன். பக்கத்துக்கு ஒரு தலைப்பு. இருதயம், எலும்பு, தோல், காது, குழந்தை. ஒவ்வொன்றின் கீழும் டாக்டர் பெயர், எந்த ஊர், எந்தெந்தக் கிழமை இருப்பார், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், என்னென்ன காகிதம் எடுத்துப்போக வேண்டும் என்று கறுப்பு மையில் அச்சு மாதிரி எழுதியிருந்தார். பழைய பக்கங்கள் பழுத்துப் போயிருந்தன. தனக்கும் தன் வீட்டாருக்கும் என்று வருடக்கணக்காக எழுதி வந்திருக்கிறார். அந்த நோட்டு இத்தனை வருடமும் அவர் கல்லாவுக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

கண் என்ற பக்கத்தில் சேலம் ஆஸ்பத்திரியும் அந்த டாக்டர் பெயரும் இருந்தன. கடைசியில் ஒரு வரி மட்டும் நீல மையில் இருந்தது. "செடி, குச்சி பட்டால் எந்தச் சொட்டு மருந்தும் ஊற்றாமல் அன்றைக்கே போகணும்." எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

கேட்கிறவர்களுக்கு அந்த நோட்டிலிருந்து பக்கங்களை நகல் எடுத்துக் கொடுக்கிறேன். சிலர் பஸ் ஏறுகிறார்கள், சிலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகிறார்கள். கண் பக்கத்தைத்தான் அதிகம் நகல் எடுத்திருப்பேன். நகலில் இரண்டு மையும் ஒரே கறுப்பாகத்தான் விழுகிறது. அவருக்கு முன்பே தெரிந்திருந்தது எது, சூசையின் கண் போன பிறகு தெரிந்துகொண்டது எது என்று வாங்கிப் போகிறவர்கள் யாருக்கும் தெரியாது.